இடது பையில் ஒரு பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை
சாப்பாட்டு மேஜை (தற்போதைக்கு)

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அத்தையும், என் வலது முழங்காலும் சுகம். இடது முழங்கால் வழக்கம்போல. அங்கு நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீங்கள் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே அந்த வரியை வாசித்ததாக வைத்துக்கொண்டு மேலே செல்லவும்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் சந்தோஷப்படுவேன், ஏனென்றால் கூடைப்பந்து ஃபைனலில் என் அணி உங்கள் அணியை ஜெயித்து எட்டு நாளாக நீங்கள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறீர்கள். நேரில் வந்தால், கதவுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு நாலு விரல் இடைவெளியில் என் மகள் நிற்கிறாள். "அவர்கிட்ட நீங்க பேசவே கூடாதுப்பா." "ஒரே நிமிஷம்மா." "உங்க ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம்னு இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும்." கதவு சாத்தியாயிற்று. பெற்ற மகள், தோளில் தூக்கி வைத்துக் கூடையில் பந்து போடக் கற்றுக்கொடுத்த மகள், என் மூக்கு நுனிக்கு முன்னால் கதவைச் சாத்தினாள். சரி, பேசக் கூடாது என்றுதானே சொன்னாள், எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. முப்பத்தைந்து வருஷமாக விதிப் புத்தகத்தைப் புரட்டியவனுக்கு இந்தச் சந்து போதாதா?

உங்கள் அத்தை எதிர் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். "மரியாதையா எழுதுங்க. அவர் இப்ப உங்க டீம் ஆள் இல்ல, நம்ம மாப்பிள்ளை" என்கிறாள். எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் என் அணியில் ஆடியபோது "டேய் குட்டை" என்று கூப்பிட்டவரை, ஒரே நாளில், கல்யாணத்தன்று காலையில் டேய், சாயங்காலம் வாங்க போங்க என்று மாற்றிக்கொண்ட வாய் இது. அன்று முதல் ஒருமுறைகூடத் தவறியதில்லை. தவறியபோதெல்லாம் இருமிச் சமாளித்திருக்கிறேன். என் இருமலுக்கு நீங்கள் மருந்து வாங்கி வந்ததுகூட உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் கிளப் நிர்வாகிகளைப் பார்த்து, கோச் வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போகிறீர்களாம். நீங்கள் என் மகளிடம் சொல்ல, அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த அரை மணி நேரத்தில் என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாற்பத்தோரு வயதில் இந்த வேலையை விட்டுவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள், டேய், உனக்கு வேறென்ன தெரியும்? (அத்தை பார்த்துவிட்டாள். அடித்துவிடச் சொல்கிறாள். அடித்ததாக வைத்துக்கொள்ளவும்.) எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயை ஒருமுறை நீங்கள் மாட்டித் தந்தீர்கள், கீழ்வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தப் பக்கம் குடையோடுதான் போகிறார். உங்களுக்குத் தெரிந்தது ஐந்து ஆட்களையும் ஒரு பந்தையும் வைத்துக்கொண்டு எதிராளியைத் தலைசுற்ற வைப்பது. அதில் உங்களைப்போல ஒருவர் இந்த லீகில் இல்லை. இதை நான் இதுவரை உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

பத்தே முக்கால், பால்கனி

இடம் மாறிவிட்டேன். உட்கார முடியவில்லை. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சுக்கு முன்னால் எட்டடி அந்தப் பக்கம், எட்டடி இந்தப் பக்கம் நடந்து பழகிய கால்கள், சீசன் முடிந்துவிட்டது என்று சொன்னால் கேட்பதில்லை. இந்த எட்டு நாளும் கூடத்தில் அப்படித்தான் நடக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "சார், ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்கு நடக்கறீங்க?" என்று கேட்டார். உங்கள் அத்தை தரையில் நீல டேப் ஒட்டி, "இதைத் தாண்டினா விசில் ஊதுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மூன்று முறை ஊதிவிட்டாள்.

தோற்பதைப் பற்றி நான் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். இந்த லீகில் அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஃபைனலுக்கு மறுநாள் பத்திரிகையில் "இறுதிப் போட்டியில் தோற்ற பயிற்சியாளர்கள்" என்று கட்டம் கட்டிப் பட்டியல் போட்டிருந்தார்களே, பார்த்தீர்களா? முதல் பெயர் என்னுடையது, ஐந்து முறை. கடைசிப் பெயர் உங்களுடையது, ஒரு முறை. நடுவில் பதினேழு பேர். அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அக்கம்பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். மீதிப் பேரும் தோற்றதால் செத்துப்போகவில்லை, வயதாகித்தான் போனார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக நிற்கிற குடும்பம் வேறு எங்கே இருக்கிறது? உங்கள் அத்தை அதைக் கத்தரித்துக் கல்யாண ஆல்பத்தில் ஒட்டிவிட்டாள்.

என் முதல் ஃபைனலில் இருபத்தாறு புள்ளி வித்தியாசம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, லாரி மோதியதுபோல. இரண்டாவது ஒரே ஒரு புள்ளியில் போயிற்று, அதற்கு மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. மூன்றாவதில் என் அணியின் உயரமான பையன் பந்தைத் தட்டி எங்கள் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடினான். நான்காவதைப் பற்றி நான் பேசுவதில்லை. ஐந்தாவதில் நீங்களே ஆடினீர்கள், பந்து வளையத்தின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே விழுந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் மறுவாரம் நானும் ராஜினாமா எழுதினேன், தெரியுமா? ஐந்து ராஜினாமா. தபாலில் போடச் சொல்லி அத்தையிடம் கொடுப்பேன். நிர்வாகத்திடமிருந்து பதிலே வராது. ஆஹா, இவ்வளவு தோற்றும் நம்மை விட மனசில்லை பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதுதான், இஸ்திரி மேஜை இழுப்பறையில் ஐந்து உறையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததைப் பார்த்தேன். "என்னடி இது?" என்றேன். "ஸ்டாம்ப் இல்ல, அதான் வெச்சிருந்தேன்." "இருபது வருஷமாவா ஸ்டாம்ப் இல்ல?" "நீங்க வாங்கிட்டு வரவேயில்லையே." இப்படி ஒரு பெண்டாட்டி எனக்கு வாய்த்ததால் நான் இன்றைக்கும் கோச். என் மகளோ நேர்மையானவள், கேட்ட காரியத்தை உடனே முடிப்பவள். அந்தக் குணம் என் பக்கத்திலிருந்து போனது. அவளிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தால் அவளே கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்தும் வாங்கி வந்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயம்.

தோற்ற பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போகக் கூடாது. கழுத்தில் துணியைக் கட்டி, கையில் கத்தியையும் வைத்துக்கொண்டு, நாம் எங்கே கோட்டை விட்டோம் என்று முடி வெட்டுகிறவர் விளக்குவார், எழுந்து ஓட முடியாது. கடைசி ஆறு விநாடியை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கக் கூடாது, எத்தனை முறை ஓட்டினாலும் அதேதான் நடக்கும். நான் ஐந்து ஃபைனலையும் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. பத்து மணிக்கு யாரையும் போய்ப் பார்க்கக் கூடாது, முக்கியமாகத் திங்கட்கிழமைகளில்.

பதினொன்றரை, மாடிப்படி (அத்தை கூடத்தைப் பெருக்குகிறாள்)

ஜெயித்தவன் தன் பாட்டுக்கு உபதேசம் பண்ணுகிறான் என்று நினைக்காதீர்கள். ஜெயிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை, எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. கடைசி விசில் ஊதியதும் எல்லோரும் நடுவில் குதிக்கிறார்கள், நான் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு உடை மாற்றும் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். என் உதவிக் கோச், காதில் எப்போதும் பென்சில் சொருகியிருப்பாரே, நம்ம பென்சில், அவர்தான் ஓடி வந்தார். "சார், இங்க என்ன பண்றீங்க? கோப்பையை வாங்க வாங்க!" "யாரு?" "நாமதான் சார்!" மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். பையில் கை விட்டால் ஒரே ஒரு காகிதம், ஐந்து ஃபைனலிலும் நான் வாசித்த அதே காகிதம். வேறு பேச்சு நான் எழுதியதே இல்லை. அதையே வாசித்தேன். "இன்று எங்களைவிட எதிரணியினர் சிறப்பாக ஆடினார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். எங்கள் பையன்கள் போராடினார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம்." அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு பெருந்தன்மை என்று மறுநாள் பத்திரிகையில் தலையங்கம். நீங்கள் மேடைக்குக் கீழே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். அந்தக் காகிதத்தை மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். உங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அம்மா காத்துக்கொண்டிருந்தார். ஐந்து முறையும் வந்து ஆறுதல் சொன்னவர். பழக்கதோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சார், எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார். நானும் பழக்கதோஷத்தில், "ஆமாம்மா, என்ன பண்றது" என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சோகமாக நின்றோம். பிறகுதான் அவருக்கு என் கக்கத்தில் இருந்த கோப்பை கண்ணில் பட்டது. அந்தக் கோப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் ஒரு காது லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டு, நான் மூன்றாம் மாடியிலும் அது இரண்டாம் மாடியிலுமாக இருபது நிமிஷம் நின்றோம். இப்போது அது வாசலில் இருக்கிறது, அத்தை அதில் குடைகளை வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறை அதைத் தாண்டிப் போகும்போதும் அது வேறு யாருடைய பொருளோ என் வீட்டில் இருப்பதுபோலக் குறுகுறு என்கிறது. முப்பத்தைந்து வருஷம் கேட்டது கிடைத்திருக்கிறது, அதோடு ஒரு நாள் முழுசாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

பன்னிரண்டு மணி, பயிற்சி அரங்கம், கீழ்ப்படி

சாவி என்னிடம் இருந்ததால் இங்கே வந்துவிட்டேன். யாருமில்லை. இங்கே வைத்துத்தான் இதை எழுத முடியும்.

அந்த ஆறு விநாடி. திரும்ப ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன், ஆனால் இது உங்களுக்காக இல்லை, எனக்காக. நீங்கள் எண்பத்தொன்று, நாங்கள் எண்பது. பந்து சொந்தக்காரன் இல்லாமல் தரையில் உருள்கிறது, உங்கள் ஆள் ஒருவனும் என் ஏழாம் நம்பரும் அதன்மேல் விழுந்து புரள்கிறார்கள். ஒரு கணம் பந்து என் பையன் கையில். நான் கத்தினேன், "டேய், டைம் அவுட் கேளு!" யாரைப் பார்த்து? என் ஏழாம் நம்பரைப் பார்த்து. அவனுக்கு நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது, அன்றைக்கும் ஏறவில்லை. அடுத்த கணம் பந்து நழுவி உங்கள் ஆளின் வயிற்றுக்குக் கீழே போய்விட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆறாவது முறை என்று நினைத்தேன். அப்போது எதிர் பெஞ்சுக்கு முன்னால் நீங்கள், ஒரு உள்ளங்கையைப் படுக்கவைத்து, இன்னொரு கை விரலை அதன் நடுவில் குத்தி நிறுத்தி, ரெஃப்ரியைப் பார்த்து டைம் அவுட் கேட்டீர்கள்.

ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்க ஒவ்வோர் அணிக்கும் இத்தனை டைம் அவுட் என்று கணக்கு, உங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. மிச்சமில்லாத டைம் அவுட்டைக் கேட்டால் என்ன தண்டனை என்று ஆட்டத்தின்போது துணி மடித்துக்கொண்டிருக்கும் உங்கள் அத்தைக்கே தெரியும். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் ஒரு புள்ளிக்கு எறிவது, அதன்பிறகு பந்தும் அவர்களுக்கே. ஃப்ரீ த்ரோ விழுந்து எண்பத்தொன்றுக்கு எண்பத்தொன்று. பந்து எங்களுக்கு. ஏழாம் நம்பர் மூலையிலிருந்து எறிந்தான், விழுந்தது, மணி அடித்தது. பத்திரிகைக்காரர்கள் இருபது பேர் சூழ்ந்துகொண்டு ஏன் கேட்டீர்கள் என்று துளைத்தெடுத்தபோதும் "தப்பு என்னுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்களாம்.

என் மகள் வேறு மாதிரி சொல்கிறாள். கதவு இடுக்கு வழியாகச் சொன்னாள். "அவருக்கு உங்க குரல் கேட்டுச்சுப்பா. கேட்டதும் கை தானா போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிட்டார், உங்ககிட்டகூட." ஆனால் நியாயமாகப் பேசுவோம் மாப்பிள்ளை. நான் என் ஆளைப் பார்த்துக் கத்தினேன். எதிரணிக் கோச்சுக்குக் காது இருப்பதற்கு நான் பொறுப்பா? உங்களைப் பழக்கியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். இதே அரங்கத்தில், இதே படிக்கு முன்னால், யாரும் எதிர்பாராத நேரம் பார்த்து "டேய், டைம் அவுட் கேளு!" என்று கத்துவேன். கையைக் கடைசியாகத் தூக்கியவன் இருபது சுற்று ஓட வேண்டும். நீங்கள் ஒருநாளும் ஓடியதில்லை. வாயில் தண்ணீர் இருந்தாலும், குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாலும், என் வாய் மூடுவதற்குள் உங்கள் கை போய்விடும். உங்கள் கல்யாண மேடையில் போட்டோக்காரர் ஒரு மணி நேரமாக உங்களை நிற்க வைத்துப் பாடாய்ப் படுத்தியபோது, கீழேயிருந்து நான் ஒரு குரல் கொடுத்தேன், மாலையும் கழுத்துமாக நீங்கள் கையை வைத்த படம்தான் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன மாதம்கூட நீங்களும் என் மகளும் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று சண்டை போட்டபோது நான் சொன்னேன், கை போயிற்று, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இதெல்லாம் விளையாட்டு. இதை வைத்துக்கொண்டு ஃபைனலுக்கும் என்னைக் குற்றவாளி ஆக்கினால் எப்படி?

மேலும் எனக்கு டைம் அவுட் கேட்கும் உரிமை இருந்தது. அதுதான் முக்கியம். உங்களுக்கும் கற்றுக்கொடுத்த முறைதான். இரண்டாம் பாதி தொடங்கும்போது மூன்று டைம் அவுட், மூன்று சட்டைப் பொத்தான்கள் கோட்டின் இடது பையில். ஒன்றைக் கேட்டதும் ஒரு பொத்தான் வலது பைக்கு. வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, விரலால் தடவினால் போதும். கத்துவதற்கு முன்னால் இடது பைக்குள் கை விட்டேன், ஒரு பொத்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. புறப்படும்போதுகூட, கதவுக்குப் பின்னால் தொங்கும் கோட்டுப் பைக்குள் கை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்கு ஒன்று இருந்தது, நான் கேட்கச் சொன்னேன். உங்களுக்கு இல்லை, நீங்கள் கேட்டீர்கள். ஒரு கோச் தனக்கு எத்தனை மிச்சம் என்பதை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும், அதைக் கோட்டைவிட்டால் தோற்கத்தான் வேண்டும். கசப்பாக இருந்தாலும் உண்மை இதுதான். அதற்காக ராஜினாமா செய்ய வேண்டியதில்லை, அடுத்த வருஷம் எண்ணினால் போதும்.

இரண்டு மணி, மறுபடி சாப்பாட்டு மேஜை

ஆகவே மாப்பிள்ளை, தாங்கள் மனம் தளராமல், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாளைக் காலை நிர்வாகிகளிடம் போய், தவறு நடந்துவிட்டது, திருத்திக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மகளிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்லவும். அவளுக்கு என்மேல் இருக்கும் கோபத்தை எப்போது முடித்துக்கொள்கிறாள் என்று தோராயமாகவாவது கேட்டுச் சொல்லவும். அத்தை உங்கள் இருவருக்கும் ஆசி சொல்கிறாள். நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல், உடல்நலத்தோடும் நிறைய டைம் அவுட்களோடும் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஐந்து முறை தோற்று, ஒருமுறை முறைப்படி ஜெயித்த
உங்கள் மாமா

பி.கு.: மேலே முறைப்படி என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். உறையை ஒட்டப் போன நேரத்தில் அத்தை கையில் கோட்டோடு வந்து நின்றாள். நாளைக்கு எங்கள் கிளப்பில் எனக்குப் பாராட்டு விழா, அதற்காகத் தேய்த்து வைக்க எடுத்தாளாம். "என்னங்க இது, நடுப் பொத்தானைக் காணோம்?" என்றாள். "அந்தக் கோட்டுக்குப் பொத்தான் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவள் இடது பைக்குள் கை விட்டு வெளியே எடுத்தாள். பழுப்பு நிறம், பெரிசு, நாலு கண், பாதி நூலோடு. கோட்டுடைய பொத்தான். ஆட்டத்தின் நடுவில் திருகித் திருகிப் பிய்த்து, என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பைக்குள் போட்டிருக்கிறேன். வலது பையைக் கவிழ்த்தாள். சின்னதாக, வெள்ளையாக, மூன்று சட்டைப் பொத்தான்.

பென்சிலுக்குப் போன் போட்டேன். "நமக்கு எத்தனை மிச்சம் இருந்துச்சு?" என்றேன். "ஒண்ணும் இல்ல சார். கடைசி டைம் அவுட்டை, நாலு நிமிஷம் இருக்கும்போதே, ஏழாம் நம்பர் பனியனை உள்ள செருகலைன்னு திட்டறதுக்கு எடுத்துட்டீங்க. முழு நிமிஷமும் அதையேதான் திட்டினீங்க. முடிஞ்சுடுச்சுன்னு நான் சொன்னேன் சார், நீங்க திரும்பிக்கூடப் பாக்கல." "அப்புறமாவது சொல்லியிருக்கலாமேய்யா?" "முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஜெயிச்சிருக்கீங்க சார். எப்படிச் சொல்ல?"

ஆக, அந்த ஏழாம் நம்பர் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் தண்டனை எனக்கு. ஃப்ரீ த்ரோ உனக்கு, பந்து உனக்கு, குடை வைக்கிற அந்தக் கோப்பையும் உனக்கு. அந்த மடத்தனம் முழுக்க என்னுடையது, நீ அதை வாங்கிக்கொண்டாய். உன்னிடம் எத்தனை மிச்சம் என்று உனக்கு நன்றாகவே தெரியும், தெரியாமல் போகாது, எண்ணுவதில் நீ என்னைவிடச் சுத்தம். தெரிந்தும் கை போயிற்று. என் குரலுக்குப் போயிற்று. இருபது பேர் கேட்டும் என் பெயரைச் சொல்லவில்லை.

பதினாறு பக்கத்தையும் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். அத்தை விடவில்லை. "அப்படியே குடுங்க, நீங்க யாருன்னு அவருக்குத் தெரியட்டும்" என்றாள். பட்டியலில் ஐந்தை அடித்து ஆறு என்று போடச் சொல்லிப் பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன், அதை அத்தையிடம் கொடுக்கவில்லை, நானே ஸ்டாம்ப் ஒட்டித் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டேன். மைக்கில் நான் வாசித்த பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எங்களைவிட எதிரணியினர் சிறப்பாக ஆடினார்கள்.

இந்தக் கடிதம் உன் கதவுக்குக் கீழே வரும்போது நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன். திறக்காவிட்டாலும் பரவாயில்லை, நடந்துகொண்டிருப்பேன், எட்டடி அந்தப் பக்கம், எட்டடி இந்தப் பக்கம். டேய் குட்டை (அத்தை பார்த்தாள், அடிக்கச் சொல்லவில்லை), இது கடைசி. இதன்பிறகு நான் எதைக் கத்தினாலும் நீ கேட்கக் கூடாது, இதை மட்டும் கேள். அந்த ராஜினாமாவைக் கொடுக்காதே. டைம் அவுட் இல்லைன்னு தெரிஞ்சும் ஏன்யா கேட்டேன்னு நாளைக்குப் பத்து மணிக்குக் கேப்பாங்க. தலையை நிமித்திக்கிட்டு, எங்க கோச் கேக்கச் சொன்னாருன்னு சொல்லு.